வெளிச்சம் கடிக்குது

ஞாயிற்றுக்கிழமைகளில் கஜேந்திரன் வேறு எந்த வேலைக்கும் போவதில்லை. மஸ்கெலியா டவுனில் முனாப் முதலாளியின் பலசரக்குக் கடைக்கு வேன் ஓட்டுகிறவன் அவன். மலைக்கு யாத்திரை போகிற சீசன் தொடங்கிவிட்டால் மலையடிவாரத்து நல்லதண்ணி ஊர்க் கடைகளுக்குச் சாமான் ஏற்ற ஞாயிற்றுக்கிழமைதான் ஆள் வேண்டும். ஆனாலும் முதலாளி அன்றைக்கு அவனைக் கூப்பிடுவதில்லை. கஜேந்திரனின் மகனுக்கு மருந்து ஏற்றுகிற நாள் அது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பிரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருப்பான். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்கள் இருக்கிற ஒற்றை அறைக் காம்பராவில் எந்நேரமும் குளிர்தான். குப்பியின் சில்லிப்பு அடங்க நேரம் எடுக்கும். அவசரப்பட்டு அடுப்போரம் வைக்கக் கூடாது. சில்லென்று ஏற்றினால் வலிக்கும், வீக்கமும் கூடும் என்று கண்டி கிளினிக்கில் நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். பிறகு குப்பியை ஜன்னலுக்கு நேரே பிடித்து, கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பான். அதன் பிறகுதான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் போவான்.

யதுசன் மெத்தையில் சாய்ந்து சட்டையைத் தானே தூக்கிக்கொள்வான். ஏழு வயது. போன வாரம் தொப்புளுக்கு வலப்பக்கம் என்றால் இந்த வாரம் இடப்பக்கம், அடுத்த வாரம் தொடை. "இன்னைக்கு இங்க" என்று விரலால் தொட்டுக் காட்டுவது அவனுடைய உரிமை. கஜேந்திரன் தோலை இரண்டு விரலால் கவ்விப் பிடித்து, மெல்லிய ஊசியை உள்ளே விட்டு, பிளாஸ்டர் ஒட்டி, சின்னப் பம்பில் சிரிஞ்சை மாட்டுவான். முன்பின் தெரியாத மனிதர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சத்து அந்த வயிற்றுத் தோலுக்கடியில் மெதுவாக இறங்கும். மற்றப் பிள்ளைகளின் உடம்பு அதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. யதுசனின் உடம்புக்கு அது தெரியாது.

ஊசி இறங்கிய இடம் எலுமிச்சம்பழம் போல வீங்கிச் சிவக்கும், அரிக்கும். முதல் மாதங்களில் அதைப் பார்த்துக் கஜேந்திரன் பதறியிருக்கிறான். பிறகு பழகிவிட்டது. சொறியக் கூடாது, ஈரத்துணியை மடித்து வைத்தால் அரிப்பு அடங்கும், மறுநாள் வீக்கம் வடிந்துவிடும். உடம்பு லேசாகச் சுட்டால் பனடோல் பாணி மருந்து ஒரு கரண்டி. இதெல்லாம் அவனுக்கு வேன் கியர் மாற்றுவது போலக் கைக்கு வந்துவிட்டது.

கைக்கு வராதது ஒன்றே ஒன்று. மருந்து ஏறுகிற நேரம் முழுக்க அந்தக் காம்பராவில் இரண்டு பிள்ளைகள் இருப்பது போல அவனுக்குத் தோன்றும்.

மூத்தவன் லோஜன். யதுசன் பிறப்பதற்கு முன்பே, நாலு வயதில் செத்துப்போனான். அப்போது கஜேந்திரன் கொழும்பில் புறக்கோட்டைத் துணிக்கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். போன் வந்து, பஸ் பிடித்து, ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா வந்து, தோட்டத்துக்கு ஏறியபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கிடத்தி, நெற்றியில் திருநீறு பூசி வைத்திருந்தார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அது எப்படி ஏறியது, பிள்ளை என்ன பாடுபட்டான், கடைசியாக என்ன பேசினான் என்று எதுவும் கஜேந்திரனுக்குத் தெரியாது. கூடவே இருந்தவள் அவன் மனைவி ஜீவராணி. ஒரே ஒரு தடவை அவளிடம் கேட்டான்.

"கேக்காதீங்க" என்றாள். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

ஜீவராணியின் பிறந்த வீட்டிலும் ஆண் பிள்ளைகள் நின்றதில்லை. அவளுக்கு முன்னும் பின்னும் பிறந்த அண்ணன், தம்பி எல்லோரும் காய்ச்சலிலும் சளியிலும் போனவர்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கம் அந்தக் குடும்பத்தைப் பேய் பிடித்த குடும்பம் என்றுதான் சொல்வார்கள். யதுசனுக்கும் ஒரு வயது திரும்புவதற்குள் நெஞ்சுச் சளி, காதில் சீழ் என்று மாறி மாறி வர, கண்டியில் ஒரு டாக்டர் அம்மா இந்தக் கதையையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார். பேயும் இல்லை, செய்வினையும் இல்லை, தாய்வழியாக ஆண் பிள்ளைகளுக்கு இறங்குகிற நோய் இது, மருந்து இருக்கிறது என்றார். கஜேந்திரனுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கியது போல இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜீவராணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பேயா இருந்திருந்தா நல்லா இருந்திருக்குங்க. வெரட்டியிருக்கலாம். இது என் வயித்துலருந்துல்ல வந்திருக்கு."

பல வருடம் மாதாமாதம் கண்டிக்குப் போய், வார்டில் படுக்கவைத்து, நரம்பில் ஊசி குத்தி ஏற்றினார்கள். பிறகுதான் வீட்டிலேயே தோலுக்கடியில் ஏற்றும் இந்த வழி வந்தது. முதலில் ஜீவராணிதான் ஊசி போடப் பழகினாள். பிள்ளையின் வயிற்றைத் தொட்டதும் ஊசியைக் கீழே வைத்துவிடுவாள். கஜேந்திரன் பழகிக்கொண்டான். அடுத்த சில மாதங்களில் அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். காசுக்காகப் போகிறேன் என்று லயத்தில் சொன்னாள். அது பொய் இல்லை. ஆனால் ஏஜென்சி வேன் வந்து நின்ற காலையில், பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த கஜேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது வேறு.

"அவன் தூங்குறத என்னால பாக்க முடியலீங்க. நான் யார் மூஞ்சிய பாத்துக்கிட்டு இருக்கேன்னே வெளங்கல."

தை மாதக் கிளினிக்கில் யதுசன் நன்றாக எடை போட்டிருந்தான். பிள்ளை வளர்கிறான், மருந்தும் கூட வேண்டும் என்று அளவை உயர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமைத் தலைவலி தொடங்கியது.

முதல் தடவை பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் கூட்டி வந்தார்கள். பனடோல் கொடுத்ததும் தூங்கி எழுந்து விளையாடப் போய்விட்டான். அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரம் வாந்தியும் சேர்ந்துகொண்டது. செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்காதது போல எழுந்துவிடுவான். கிளினிக் நர்ஸ் போன் பண்ணி, புதிய அளவு எப்படி, கரைச்சல், தொந்தரவு ஏதும் உண்டா என்று சிங்களத்தில் கேட்டார். கஜேந்திரன் வாயைத் திறந்தான். சொன்னால் பம்பைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். மறுபடி வார்டு, மறுபடி நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்திக் குத்திப் பிள்ளை அலறுவது, மாதாமாதம் கண்டிப் பயணம், எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தன.

"இல்ல மிஸ். ஒன்னும் இல்ல" என்றான்.

ஜீவராணியிடமும் அதையேதான் சொன்னான். சொன்னால் அவள் அங்கே சும்மா இருக்க மாட்டாள். ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடி வருவாள். அல்லது அந்த வீட்டார் வர விடாமல் வைத்திருப்பார்கள், அது இன்னும் மோசம். யதுசனும் எப்படியோ புரிந்துகொண்டான். அம்மா வீடியோவில் வரும்போது சிரித்துப் பேசுவான். போனை வைத்த பிறகு அப்பாவின் முகத்தைப் பார்ப்பான்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அடுத்த காம்பரா வீரம்மா. மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். அவள்தான் முதலில் அதைச் சொன்னாள்.

"வாரா வாரம் திங்கக்கெழம தவறாம வருதுன்னா அது நோவு இல்ல தம்பி. லோஜன் போனதும் திங்கக்கெழமதானே. தொணைக்கு ஆள் தேடுறான். ஒரு வார்த்த பூசாரிகிட்ட சொல்லி கயிறு கட்டிருங்க."

"ஊசி போடுற மறுநாள் திங்கக்கெழம. அதான் வருது. சும்மா இருங்க அக்கா" என்றான் கஜேந்திரன்.

சொல்லிவிட்டானே தவிர, அந்தப் பேச்சு அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மாலையில் வேலை முடிந்து படியேறும்போது உள்ளே யதுசன் யாரோடோ பேசுகிற சத்தம் கேட்டது. கேட்டு, நிறுத்தி, பதில் வந்தது போலச் சிரித்து, மறுபடி பேசினான். கஜேந்திரன் கதவைத் தள்ளினான். பிள்ளை தனியாகத்தான் இருந்தான். மெத்தையின் ஓரத்தில் ஒதுங்கி, பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டுப் படுத்திருந்தான்.

"யாரோட பேசுன?"

"சும்மாப்பா."

"அது ஏன் அங்கிட்டு ஒதுங்கிப் படுத்திருக்க?"

கஜேந்திரன் அந்தக் காலி இடத்தில் உட்காரப் போனவன், உட்காராமல் சுவரோரம் நின்றான். ஏன் நின்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மாசியில் வெயில் ஏறி, டவுனுக்குக் கீழே இருக்கிற நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா ஒவ்வொன்றாக வெளியே வந்தது. முதலில் ஒரு மதிலின் தலை, பிறகு பழைய பாலத்தின் விளிம்பு, கடைசியில் கோயிலின் கல்தூண்கள். சனிக்கிழமைகளில் டவுனிலிருந்து சனம் இறங்கிப்போய்ப் பார்த்தது. யதுசனும் அடம் பிடித்தான். வெடித்துக் கிடந்த சேற்றின்மேல் அவனைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனான் கஜேந்திரன். தூண்களில் காய்ந்த பாசி தொங்கியது. யாரோ கற்பூரம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலை யதுசன் பாதி குடித்துவிட்டு, மீதியைத் தூண் அடியில் ஊற்றினான்.

"ஏன்டா அத ஊத்துற?"

"அண்ணனுக்கு."

கஜேந்திரன் போத்தலை வாங்கிக்கொண்டான். "அண்ணன் இங்க இல்ல சாமி. மேல, தேயிலைக்குள்ள பொதச்சிருக்கோம். ஒனக்குத் தெரியும்தானே."

"செத்தவங்க வீடெல்லாம் தண்ணிக்குள்ளதான் இருக்குன்னு வீரம்மா அத்த சொன்னாங்க."

"அது வீடு முங்கிப் போனத சொல்லியிருப்பாங்க. அதுல இருந்த சனம் எல்லாம் மேல வந்துருச்சு. இப்ப இருக்குற டவுன் அதுதான்."

யதுசன் யோசித்தான். பிறகு, "அண்ணனுக்கும் தல வலிச்சிச்சாப்பா?" என்று கேட்டான்.

அது கஜேந்திரனுக்குத் தெரியாது. "வா, நேரமாச்சு" என்று இழுத்துக்கொண்டு மேலே ஏறினான்.

மறுநாள் வழக்கம்போல மருந்து ஏற்றினான். திங்கட்கிழமை காலையிலேயே யதுசன் எழுந்திருக்கவில்லை. கஜேந்திரன் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தான். மதியம் வரைக்கும் குடித்த தேத்தண்ணீர், கஞ்சி எல்லாம் வெளியே வந்தன. பனடோலும் வயிற்றில் நிற்கவில்லை. ஜன்னலைச் சாக்கால் மூடச் சொன்னான் பிள்ளை. கஜேந்திரன் மூடினான். கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. அதற்கும் யதுசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பளியைத் தலைக்குமேல் இழுத்தான். தொட்டால் உடம்பு சுட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. ஜீவராணி வழக்கமாக அந்த நேரத்தில் கூப்பிடுவதில்லை. வேலை செய்கிற வீட்டு மேடம் வெளியே போயிருக்கிறாளாம். வீடியோவில் அவள் முகம், பின்னால் வெள்ளை ஓடு பதித்த சமையலறை.

"என்னாங்க, வேலைக்குப் போகலியா? ஏன் இருட்டா இருக்கு?"

"கரண்ட் இல்ல. இவன் தூங்குறான். அப்பறமா எடு."

"இந்நேரத்துல என்னா தூக்கம்? ஸ்கூல் போகலியா? காட்டுங்க அவன."

"தூங்குறவன எதுக்கு ஜீவா..."

கம்பளிக்குள்ளிருந்து யதுசனின் குரல் வந்தது. மெல்லிய, உலர்ந்த குரல். "அப்பா, போன அணைங்க. வெளிச்சம் கடிக்குது."

படம் உறைந்துவிட்டதோ என்று கஜேந்திரன் பார்த்தான். உறையவில்லை. அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு வந்த சத்தம் அவள் குரல் போலவே இல்லை.

"என்னா சொன்னான்?"

"தலவலியில ஏதோ..."

"என்னா சொன்னான்னு கேக்குறேன். வெளிச்சம் கடிக்குதுன்னா சொன்னான்?"

"ஆமா."

"ஐயோ" என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு வேகமாக, மூச்சு விடாமல் பேசத் தொடங்கினாள். இத்தனை வருடம் சொல்லாததை அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள். "லோஜனும் இதேதாங்க சொன்னான். இதே வார்த்த. கம்பளிய இழுத்துத் தலைக்கு மேல போட்டுக்கிட்டான். நான் வெளக்க அணைச்சேன், கதவ சாத்துனேன், பக்கத்துலயே உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரத்துல தல பின்னால போயிருச்சு, வில்லு மாதிரி. தூக்கப் போனா கழுத்து மடங்கல. கட்டை மாதிரி இருந்திச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் தாடைய நெஞ்சுக்குக் கொண்டுவரப் பாத்தாரு, முடியல. பாருங்க. இப்ப பாருங்க. அவன் தாடைய நெஞ்சுல தொடச் சொல்லுங்க."

கஜேந்திரன் கம்பளியை விலக்கினான். "சாமி, தாடைய நெஞ்சுல தொடு பாப்போம்." யதுசன் தலையைத் தூக்கப் பார்த்து முனகினான். கஜேந்திரன் பின்னந்தலையில் கை கொடுத்து மெதுவாகத் தூக்கினான். கழுத்து வளையவில்லை. தலையோடு தோளும் சேர்ந்தே எழும்பியது.

அந்த ஒரு நொடியில் அவன் கைக்குள் இருந்தது எந்தப் பிள்ளையின் தலை என்று அவனுக்குத் தெரியவில்லை. தான் வந்து சேராத அந்தத் திங்கட்கிழமை, இத்தனை நாள் கதவுக்கு வெளியே நின்றிருந்து, இப்போது உள்ளே வந்துவிட்டது போல இருந்தது.

"முடியல ஜீவா" என்றான்.

"தூக்கிக்கிட்டு ஓடுங்க. போன வைக்காதீங்க. வைக்காதீங்க!"

பிள்ளையைக் கம்பளியோடு தோளில் போட்டுக்கொண்டு லயத்துப் படிகளில் இறங்கினான். வேன் கடையில் நின்றது. வீரம்மாவின் போனிலிருந்து முனாப் முதலாளிக்குச் சொல்லச் சொன்னான். தேயிலை நடுவே குறுக்கு வழியில் தோட்டத்து ரோட்டுக்கு வந்து சேர்வதற்குள், முதலாளியே வேனை ஓட்டிக்கொண்டு எதிரே வந்துவிட்டார். பின்னால் பாதி ஏற்றிய சீனி மூட்டைகள் அப்படியே இருந்தன.

"முன்னுக்கு ஏறு. புள்ளய மடியில வச்சிக்க" என்றார் முனாப். "நான் ஓட்றேன்."

மழை இல்லை, மூட்டம்தான். வளைவுகளில் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார். முதலாளி தன் சால்வையை எடுத்து முன் கண்ணாடியில் பிள்ளை இருக்கிற பக்கம் செருகி வெளிச்சத்தை மறைத்தார். சட்டைப் பையில் போன் திறந்தே கிடந்தது. அதிலிருந்து ஜீவராணி மூச்சு விடுவது கேட்டது. இடையிடையே அவள் "யது" என்று கூப்பிடுவாள். பிள்ளை "ம்" என்பான். அந்த "ம்" வர ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிக நேரம் எடுப்பது போலக் கஜேந்திரனுக்குத் தோன்றியது.

ஹட்டன் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்தார்கள். இளவயது டாக்டர் ஒருத்தி, சிங்களத்தவள், தமிழும் கலந்து பேசினாள். கஜேந்திரன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நோயின் பெயரையும், நேற்று ஏற்றிய மருந்தின் பெயரையும் சொன்னான். அவள் முகம் மாறியது. இந்த உடம்புக்கு மூளைக்காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நரம்பில் ஊசி போட்டு உடனேயே கிருமிக்கான மருந்தைத் தொடங்கச் சொன்னாள்.

"இதுக்கு முந்தி இப்படி வந்திருக்கா? மருந்து போட்ட பொறவு தலவலி?"

கஜேந்திரன் சட்டைப் பையைப் பார்த்தான். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டுச் சொல்லலாம். கை பைக்குப் போனது. போன இடத்திலேயே நின்றது.

"வந்திருக்கு டாக்டர்" என்றான். "டோஸ் கூட்டுனதுலருந்து ஒவ்வொரு திங்கக்கெழமயும். வாந்தியும் வந்திச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல."

பைக்குள் மூச்சுச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அவள் வைக்கவில்லை.

முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவுக்குப் பின்னால் யதுசன் கத்தினான். "அப்பா" என்று கத்தவில்லை, "அம்மா" என்று கத்தினான். கஜேந்திரன் போனை எடுத்துக் கதவோடு ஒட்டிப் பிடித்தான். ஜீவராணி அங்கிருந்து, "இருக்கேன் சாமி, அம்மா இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளே கேட்டிருக்காது. ஆனாலும் சொன்னாள். முனாப் முதலாளி சுவரோடு நின்று கண்ணை மூடி எதையோ ஓதிக்கொண்டிருந்தார்.

விளக்குகள் போட்ட பிறகு டாக்டர் வெளியே வந்தாள். கண்டி டாக்டர் அம்மாவோடும் போனில் பேசியிருந்தாள். எடுத்த நீரில் கிருமி எதுவும் தெரியவில்லை என்றாள். மூளையைச் சுற்றியிருக்கிற சவ்வு அழன்றிருக்கிறது, ஆனால் கிருமியால் இல்லை. ஏற்றிய மருந்தினாலேயே அபூர்வமாகச் சிலருக்கு இப்படி வரும். தானாக அடங்கிவிடும். முழு முடிவு வரும்வரை கிருமி மருந்தை நிறுத்த மாட்டோம், பயப்பட வேண்டாம்.

"அப்ப இது அந்தக் காய்ச்சல் இல்லியா டாக்டர்?"

"இல்ல. பாக்க அதே மாதிரிதான் இருக்கும். அது இல்ல."

கஜேந்திரன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். முதலாளி அவன் தோளில் கை வைத்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு தேத்தண்ணீர் வாங்கப் போனார்.

"கேட்டியா ஜீவா?"

"கேட்டேன். என்கிட்ட மறைச்சிட்டீங்க."

"ஆமா."

"நான் போனதாலதானே மறைச்சீங்க?"

"நீ ஓடி வந்துருவேன்னு மறைச்சேன்."

பிறகு, அவன் கேட்காமலேயே, லோஜனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வில்லாக வளைந்த உடம்பைப் பக்கத்துக் காம்பரா ஆட்கள் கம்பளியில் தூக்கிக்கொண்டு ஓடியது. கொழுந்து லொறியை மறித்து ஏற்றியது. வழியில் பிள்ளைக்குத் தன்னை அடையாளம் தெரியாமல் போனது. கடைசியாக ஒரு தடவை கண்ணைத் திறந்து, "அப்பா பஸ் வந்திருச்சா?" என்று கேட்டது. சொல்லும்போது அவள் அழவில்லை. கஜேந்திரன்தான் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதான்.

"அவன் சொன்ன அந்த வார்த்தய நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங்க" என்றாள் கடைசியில். "உங்ககிட்டயும் சொல்லல. இவனுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"



புதன்கிழமை யதுசன் எழுந்து உட்கார்ந்து தின்பதற்குப் பணிஸ் கேட்டான். கழுத்து தளர்ந்துவிட்டது. வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கண்டி கிளினிக்கில் யாரும் பம்பைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நர்ஸ் கோபப்பட்டார், அவ்வளவுதான். மருந்தை நிறுத்த முடியாது, நிறுத்தினால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டது போல ஆகிவிடும் என்றார் டாக்டர் அம்மா. ஒரே நாளில் ஏற்றுவதை வாரத்தில் இரண்டாகப் பிரித்தார்கள். பம்பின் வேகத்தைக் குறைத்தார்கள். மருந்து ஏற்றுவதற்கு முதல் நாளும் மறுநாளும் தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். ஏற்றுவதற்கு முன்பே ஒரு மாத்திரை. வெயிலில் அலையக் கூடாது. காய்ச்சலும் கழுத்துப் பிடிப்பும் சேர்ந்து வந்தால் மருந்தால் வந்ததா, கிருமியால் வந்ததா என்று வீட்டில் இருந்து யோசிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

புது முறையில் முதல் தடவை ஏற்றுகிறபோது ஜீவராணி போனில் கூடவே இருந்தாள். மேடத்திடம் கேட்டு நேரம் வாங்கியிருந்தாளாம். ஊசி உள்ளே போகும்போது கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள். யதுசன் தூங்கிப்போன பிறகும், போனை அவன் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் லீவில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். வந்தால் திரும்பப் போவாளா என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

கஜேந்திரன் ஒருநாள் பிள்ளையிடம் கேட்டே விட்டான்.

"யது, அன்னைக்கு வெளிச்சம் கடிக்குதுன்னு சொன்னியே. அத யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?"

யதுசன் அவனை வினோதமாகப் பார்த்தான். "யாரும் இல்லப்பா. கடிச்சிச்சு. சொன்னேன்."

அதற்குமேல் என்ன கேட்பது? பிள்ளை சொன்னது நியாயம்தான். ஆனாலும் கஜேந்திரனின் மனம் அடங்கவில்லை. முன்பு லோஜன் என்றால் வெள்ளைத் துணியில் கிடந்த முகம் மட்டும்தான் வரும். இப்போது லொறியில் கண்ணைத் திறந்து பஸ் வந்துவிட்டதா என்று கேட்கிற முகம் வருகிறது. நல்லதண்ணிக்குச் சாமான் கொண்டு போகிற வழியில், வளைவுகளில், எதிரே பஸ் வரும்போதெல்லாம் வருகிறது. அது போகும் என்று அவன் நம்பவில்லை. போக வேண்டும் என்றும் அவன் நினைக்கவில்லை.

பங்குனி முடிவில் ஒரு காலை, பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த யதுசன் பாதியில் நிறுத்தினான்.

"அப்பா, இன்னைக்கு லேசா வலிக்குது."

கஜேந்திரன் பக்கத்தில் வந்து, "தாடைய நெஞ்சுல தொடு" என்றான். தொட்டது. வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னான். பார்த்தான். நெற்றி சுடவில்லை.

"அம்மாகிட்ட சொல்லலாமா?" என்று கேட்டான் யதுசன்.

"சொல்லணும்."

"சொன்னா அழுவாங்களே?"

"அழட்டும். நீ சொல்லு."

ஒரு பெரிய டம்ளர் தண்ணீரைக் கொடுத்து அவனைக் குடிக்க வைத்துவிட்டு, கஜேந்திரன் முதலில் கிளினிக்குக்குப் போன் போட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னான். பிறகு ஜீவராணிக்குப் போட்டு, பிள்ளையிடம் கொடுத்தான். முதலாளிக்குப் பிந்தி வருவதாகச் சொன்னான். கதவைப் பாதி சாத்திவிட்டு, மெத்தையில் பிள்ளைக்குப் பக்கத்தில், அவன் எப்போதும் காலியாக விட்டு வைக்கிற இடத்தில் படுத்தான். யதுசன் கொஞ்சம் நகர்ந்து, இன்னும் இடம் கொடுத்தான்.